நடுங்கும் கைக்குத் திமிர் ஏது?

2024 ஜூன் கடைசியில் கள்ளக்குறிச்சியில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே பேச்சுதான். "தெரிஞ்சுதானே குடிச்சான்? கொழுப்பெடுத்துக் குடிச்சவனுக்கு அரசாங்கம் எதுக்குப் பத்து லட்சம் குடுக்கணும்? வயல்ல பாம்பு கடிச்சுச் செத்தவன் வீட்டுக்கு யாரு குடுத்தாங்க?" அங்கேயுள்ள கருணாபுரத்தில் சாவு வீட்டுப் பந்தல்களைக் கூட அப்போது பிரித்திருக்கவில்லை. மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிருந்தது. சிலர் கள்ளக்குறிச்சியில் இறந்தார்கள், சிலர் சேலத்திலும் ஜிப்மரிலும் இறந்தார்கள். நிவாரணத் தொகைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் வந்தது.

அப்படிப் பேசியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குடிகாரக் கணவனிடம் அடிவாங்கிய பெண்களும் அதைத்தான் பேசினார்கள். பீடி கூடத் தொடாமல் மூட்டை தூக்கிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவரும் பேசினார். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபம் நியாயமானது என்பதால் அதிலிருந்து பிறக்கும் முடிவும் சரியாகிவிடாது. 'குடி என்பது திமிர். நினைத்தால் விடலாம், அவன் நினைக்கவில்லை. ஆகவே அவனுக்கு வேண்டியது தண்டனை, சாராயம் காய்ச்சும் கல்வராயன் மலைக்கு வேண்டியது போலீஸ்.' இந்த முடிவு தவறு. மருத்துவ ஆராய்ச்சி அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்டறிந்தவை இதற்கு எதிராக நிற்கின்றன. இன்னும் சொல்லப்போனால், இந்த முடிவே ஆட்களைக் கொல்கிறது. அது எப்படிக் கொல்லும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என் தாய்மாமன் மலையடிவாரத்து ஊரில் மரவள்ளி போட்டுப் பிழைத்தவர். இருபது வருடக் குடி. ஒருநாள் அவருடைய அண்ணன் தம்பிகள் கூடி, 'நாலு நாள் அடைச்சு வெச்சா திமிரு தானா எறங்கும்' என்று முடிவெடுத்து, நெல் மூட்டை அடுக்கும் அறையில் அவரைப் பூட்டினார்கள். அன்று மாலையே கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அத்தை கொடுத்த கஞ்சிச் சொம்பை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் மார்பெல்லாம் ஊற்றிக்கொண்டார். மறுநாள் விடியலில் வலிப்பு வந்தது. 'நடிக்கிறான்' என்றார்கள். மூன்றாம் நாள் இரவு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெறும் காற்றிலிருந்து ஏதோ நூலைப் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். "எறும்பு ஊர்து பாரு மாப்ள, செவுரு பூரா எறும்பு" என்றார். சுவரில் எறும்பே இல்லை. என்றைக்கோ செத்துப்போன காளையைப் பெயர் சொல்லி அதட்டினார். உடம்பு அனலாகக் கொதித்தது. பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைக் கூப்பிட்டு வேப்பிலை அடித்ததில் இன்னொரு பகல் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மயிரிழையில் பிழைத்தார்.

அறைக்கதவைப் பூட்டியவர்கள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அவர்களை அப்படிச் செய்ய வைத்தது 'திமிர்' என்ற அந்த ஒரு சொல்தான்.

மாமாவுக்கு வந்ததற்கு மருத்துவத்தில் 'டெலீரியம் டிரெமென்ஸ்' என்று பெயர். அது உண்டாகும் விதத்தை ஆராய்ச்சி தெளிவாகச் சொல்கிறது. மதுவின் வேலை மூளையை அமுக்குவது. நரம்புகளை அடக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலைக்கு அது கை கொடுக்கிறது, நரம்புகளைக் கிளப்பும் 'குளூட்டமேட்' என்பதன் வேலையைத் தடுக்கிறது. வருடக்கணக்கில் தினமும் அமுக்கினால் மூளை தன் சமநிலைக்காக எதிர்த்திசையில் முட்டத் தொடங்குகிறது. கிணற்றில் வெற்றுக் குடத்தைக் கவிழ்த்து அமுக்கிப் பிடித்திருக்கும்போது சட்டென்று கையை எடுத்தால் குடம் துள்ளி மேலே பாயும் அல்லவா? குடியைத் திடீரென நிறுத்தினால் மூளை அப்படித்தான் துள்ளுகிறது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், ஒன்றிரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிரமை, காய்ச்சல், சிலருக்கு மரணம். டயசெபம், குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரைகளைக் கணக்காகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதும், தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவதும் இதற்கான சிகிச்சை. முறையாகக் கொடுத்தால் இந்தக் கடும் நிலையிலும் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களே இறக்கிறார்கள். விலை உயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை.

இப்போது 'தெரிந்தே குடித்தான்' என்ற வாதத்துக்கு வருவோம். டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடி மறுநாள் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. இரவு பத்துக்குக் கடைசி வாய் குடித்தவனுக்கு நடுக்கம் எப்போது வரும்? விடியற்காலை நான்குக்கும் ஐந்துக்கும் இடையில். ஆறு மணிக்குக் கட்டட வேலைக்கோ கரும்பு வெட்டவோ அவன் போயாக வேண்டும். நடுங்கும் கையில் கொத்துக்கரண்டி நிற்காது, வெட்டரிவாளும் நிற்காது. அரசுக் கடை திறக்க இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில், டாஸ்மாக் குவார்ட்டர் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பது பாக்கெட் சாராயம்தான். கள்ளச்சாராய வியாபாரத்தின் முதுகெலும்பு இந்த விடியற்கால நடுக்கம். அந்த நேரத்துப் பாக்கெட் போதைக்காக வாங்கப்படுவதில்லை, கை நிற்பதற்காக வாங்கப்படுகிறது. 1976இல் இங்கிலாந்தின் கிரிஃபித் எட்வர்ட்ஸும் அமெரிக்காவின் மில்டன் கிராஸும் மது அடிமை நோயின் அடையாளங்களை வரிசைப்படுத்தியபோது, நடுக்கத்தைத் தணிக்கவே குடிப்பதை அதில் முக்கியமான ஒன்றாக வைத்தார்கள். கெடுதல் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் போவதே இந்த நோய். ஆகவே 'தெரிந்தே குடித்தான்' என்பது நோயின் விவரிப்பே தவிர, குற்றத்துக்குச் சாட்சி ஆகாது.

அதுவுமில்லாமல், கருணாபுரத்துக்காரர்களுக்குத் தெரிந்தது சாராயம். மெத்தனாலை அவர்கள் அறிய மாட்டார்கள். வாடையிலும் குடிக்கும்போதும் பெரிய வித்தியாசம் தெரியாது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றி, அது பார்வை நரம்பைப் பதம்பார்க்கும்போதுதான் தெரியவரும். கண் மங்கத் தொடங்கும் அந்த நேரத்தில் நஞ்சு உடம்பெங்கும் பரவியிருக்கும்.

அடுத்த வாதம் இன்னும் வலுவானது. "மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் சொட்டுக் கூடத் தொடாம இருக்கானே! அப்போ எங்க போச்சு உங்க நோய்?" கயிறு கட்டிக்கொண்டு ஒரு வருடம் குடிக்காமல் இருந்தவர்களையும் உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான், நம் ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் அப்படி இருக்கிறார்கள். ஆனால் அதே ஊர்களில், மாலை போட்ட மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்தவர்களையும் எனக்குத் தெரியும். 'சாமி குத்தம்' என்று அதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். குடிக்கிற எல்லாருக்கும் நோய் ஒரே அளவில் இல்லை. லேசான நிலையில் இருப்பவர் விரதத்தில் நிறுத்திவிட முடியும். கடும் நிலையில் இருப்பவர் மருந்தில்லாமல் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

மாலை எதனால் வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மாலை போட்டவரை ஊரே 'சாமி' என்று அழைக்கிறது. முந்தின வாரம் 'டேய் குடிகாரா' என்று கூப்பிட்ட அதே வாய். விடியலில் குளியல், மாலையில் பூசை என்று நாள் முழுக்க ஒரு ஒழுங்கு. கூட நிற்க, கண்காணிக்க, சேர்ந்து சாப்பிட ஒரு குழு. பழைய கூட்டாளி தூரத்திலேயே கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போகிறான். மதிப்பு, ஒழுங்கு, துணை, தூண்டுதல் இல்லாத சூழல் ஆகிய இந்த நான்கும் உலகெங்கும் குடிநோய்ச் சிகிச்சையிலும் பயன் தருபவை. மாலை கழற்றிய மறுநாள் நான்கும் ஒன்றாகப் போய்விடுகின்றன. 1971இல் வில்லியம் ஹன்ட் குழுவினர் குடி, புகை, ஹெராயின் மூன்றையும் விட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, திரும்ப விழுந்தவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே விழுந்ததைக் கண்டார்கள். 48 நாள் என்பது அந்த மூன்று மாதத்தில் பாதி. மாலை நமக்குச் சொல்வது இதுதான்: மதிப்பும் துணையும் கொடுத்தால் மனிதன் நிமிர்கிறான். 'திமிர்' வாதத்துக்கு அதிலிருந்து ஒரு துணையும் கிடைக்காது.

அப்படியானால் இந்த நோய் யாருக்கு வருகிறது? ஒரே பந்தியில் குடிக்கத் தொடங்கிய நான்கு பேரில் ஒருவர் மட்டும் ஏன் மீளாமல் போகிறார்? 1973இல் டொனால்ட் குட்வின் குழு டென்மார்க்கில் செய்த ஆய்வு இந்தக் கேள்விக்கு வழி திறந்தது. குழந்தைப் பருவத்திலேயே தத்துக் கொடுக்கப்பட்டு வேறு வீடுகளில் வளர்ந்த ஆண்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெற்றவர் குடிநோயாளியாக இருந்தால், அவர் முகத்தையே பார்க்காமல் வளர்ந்த மகனுக்கும் அந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. அதன்பின் வந்த இரட்டையர் ஆய்வுகளையும் தத்து ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்தால், இந்த நோய் ஒருவரைப் பிடிக்கும் வாய்ப்பில், அதாவது ஏதுநிலையில், சுமார் பாதி மரபணு வழி வருகிறது. மீதிப் பாதி சூழல்: எந்த வயதில் தொடங்கினார், எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது, உடம்பு வலி, கடன், இழப்பு, மனச்சோர்வு. மரபைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பிறந்தவர் யாரும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் குனிந்து வேலை செய்யும் முதுகையும் யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை.

மூன்றாவது வாதம் சட்டமும் ரெய்டும். கருணாபுரம் நடந்த அதே மாதத்தில் மதுவிலக்குச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சாவுக்குக் காரணமான சாராயத்தை விற்றால் ஆயுள் சிறை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். விற்றவனுக்கு அந்தத் தண்டனை வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மது எளிதில் கிடைக்காவிட்டால் புதிதாகக் குடிக்கத் தொடங்குபவர்கள் குறைவார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே நோயில் விழுந்தவருக்கு ரெய்டு என்ன செய்யும்? வரலாற்றைப் பாருங்கள். ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி இன்றும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மதுவிலக்கு 1971இல் விலக்கப்பட்டது, பின் வந்தது, மறுபடி போனது. 2003இல் அரசே சில்லறைக் கடை திறந்தது. இந்தச் சட்ட மாற்றங்களுக்கு நடுவே 2001இல் பண்ருட்டிப் பக்கம் ஐம்பதுக்கு மேல் சாவு, 2023இல் மரக்காணத்திலும் மதுராந்தகத்திலும் இருபதுக்கு மேல், 2024இல் கருணாபுரம். 2016 முதல் முழு மதுவிலக்கில் இருக்கும் பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டம் எத்தனை பிணங்களைச் சுமந்தது என்று நாடே பார்த்தது. கடை திறந்திருந்த காலத்திலும் மூடியிருந்த காலத்திலும் செத்தவர் ஒரே வகை மனிதர்: நோய் முற்றிய, காசில்லாத, சிகிச்சை கிடைக்காத மனிதர்.

ரெய்டின் சுமையை மலை தாங்குகிறது. ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் ஜீப்புகள் ஏறும், ஓடையோரம் ஊறல் அழிப்பு நடக்கும், பேரல்கள் கவிழ்ந்த படம் பத்திரிகையில் வரும். 'சாராய மலை' என்ற பெயர் அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள்மேல் ஒட்டிக்கொள்ளும். கடுக்காய் பொறுக்கி, மரவள்ளியும் சாமையும் போட்டு, மிச்ச நாளில் வெளியூர்க் கூலிக்குப் போகிறவர்கள் அவர்கள். வெல்லமும் பட்டையும் போட்ட ஊறலில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வடிவதில்லை. அது தொழிற்சாலைக் கரைப்பான், சமவெளியில் கைமாறும் சரக்கு. கருணாபுரத்துச் சாவுகளை ஒட்டி 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தபோது, அது கேட்டது மலைமக்களின் சாலை, பள்ளி, மருத்துவமனை பற்றித்தான். நீதிமன்றம் சரியான இடத்தில் கை வைத்தது.

"சிகிச்சை கொடுத்தா மட்டும் திருந்திடுவானா?" இது நேர்மையான கேள்வி. எல்லாரும் குணமாவதில்லை. ஆனால் கணக்கு இருக்கிறது. 1992இல் ஜோசப் வால்பிசெல்லி குழு அமெரிக்காவில் 70 நோயாளிகளிடம் நால்ட்ரெக்சோன் மாத்திரையைச் சோதித்தது. 12 வாரத்தில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மறுபடி பெருங்குடியில் விழுந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் விழுந்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. பெரிய ஆய்வுகளில் பலன் இவ்வளவு பெரிதாக வரவில்லை, ஆனாலும் பலன் நிலைத்தது. நமக்கு இன்னும் பக்கத்தில் கோவா இருக்கிறது. 2017இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கெடுதலாகக் குடிக்கும் ஆண்களுக்கு மருத்துவப் பட்டமே இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சில அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, முந்தைய இரு வாரமும் குடிக்காமலே இருந்தவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 42 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். நோய் முற்றியவர்கள் அந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்கு மருந்தும் படுக்கையும் வேண்டும். ஆனால் முற்றுவதற்கு முன்பே பிடிக்க ஒரு நல்ல வழி அதில் தெரிகிறது. தமிழ்நாட்டிலேயே சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, நோயாளியை நகரத்துக்கு இழுக்காமல் ஊரிலேயே வைத்து, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தது. அந்த அனுபவம் 1994லேயே 'அடிக்‌ஷன்' ஆய்விதழில் வந்துவிட்டது. முப்பது வருடமாக வழி தெரிந்தே இருக்கிறது. நடக்கத்தான் ஆளில்லை.

சிகிச்சை எவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்கிறது? எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி மத்திய அரசு 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். காசநோயில் 38 பேருக்கு ஒருவர்தான் மருந்து பெறுகிறார் என்றால் சட்டமன்றம் கொதித்திருக்கும். இங்கே யாரும் கொதிக்கவில்லை. மனத்தின் அடியில் 'திமிர்தானே' என்ற எண்ணம் கிடக்கிறது. திமிருக்கு யாராவது படுக்கை ஒதுக்குவார்களா?

குடியை 'மூளை நோய்' என்று மட்டும் சொல்வதை ஏற்காத ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அவர்கள் காட்டும் சான்றை மறைக்க நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் 2001–02இல் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், ஒரு காலத்தில் மதுவுக்கு அடிமையாக இருந்தவர்களில் கால்வாசிப் பேர்தான் அப்போதும் அந்த நிலையில் இருந்தார்கள். சிகிச்சைக்குப் போனவர்களும் கால்வாசிதான். அதாவது பலர் தாமாகவே மீண்டிருக்கிறார்கள். இது என் வாதத்துக்கு நல்ல சேதி. மீள முடியும் என்கிறது அது. மனிதரை மீட்பவை வேலை, குடும்பம், இழக்க விரும்பாத ஒரு வாழ்க்கை. அவை கையில் இருப்பவருக்குச் சிகிச்சை இல்லாமலும் ஒரு வாசல் உண்டு. தினக்கூலியில், வாடகைக் குடிசையில், கந்துவட்டிக் கடனில் இருப்பவருக்கு அந்த வாசலை யாராவது திறந்து வைக்க வேண்டும்.

'திமிர்' என்ற எண்ணம் இன்னொரு வியாபாரத்தையும் வளர்த்திருக்கிறது. பேருந்து நிலையச் சுவர்களில் பாருங்கள்: 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்.' சோற்றில் கலக்கும் பொடி. டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்மையிலேயே உண்டு. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுக்கவேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்து அவர் குடித்துவிட்டால் இதயம் நின்றுபோகவும் கூடும். பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவனும் சொல்வதில்லை. பயந்த மனைவிமார் நகையை விற்று வாங்குகிறார்கள்.

சட்டம் நம் பேச்சைவிட முன்னே போய்விட்டது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்திலேயே மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளும் அடங்கும். அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்றும் அது சொல்கிறது. 2025இல் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது நல்ல முயற்சி. அது மலைக்கு ஏறவேண்டும். 2022இல் திறந்த கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரியில் குடிநோய்க்கென்று படுக்கைகள், மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரையும் தயமின் ஊசியும், அவற்றைக் கொடுக்கத் தெரிந்த செவிலியர், மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகும் தன்னார்வலர் கையில் குடி பற்றிய நான்கு கேள்விகள், மலையிலேயே பிறந்து வளர்ந்த ஆலோசகர்கள். இவைதான் என் கோரிக்கை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கை நடுங்குகிறவர் பாக்கெட்டைத் தேடிப் போவதற்குப் பதிலாகப் போக ஓர் இடம் வேண்டும்.

கடைசியாக, அந்தப் பத்து லட்சம். கருணாபுரத்தில் அப்பாவையும் அம்மாவையும் ஒரே வாரத்தில் இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பணம் அவர்கள் படிப்புக்கு ஆகும், ஆகட்டும். ஆனால் அவர்கள் வளரும்போது, அப்பா எதனால் செத்தார் என்று ஊர் என்ன சொல்லப்போகிறது? 'திமிரால் செத்தான்' என்று சொன்னால், அந்தப் பையன் ஒன்று தலைகுனிந்து வளர்வான், இல்லையென்றால் 'நான் நல்லவன், எனக்கு ஒன்றும் ஆகாது' என்று நம்பி, கல்யாண வீட்டில் நண்பன் நீட்டும் முதல் டம்ளரை வாங்குவான். அவன் உடம்பில் தகப்பனின் ஏதுநிலை இருக்கக்கூடும் என்று அவனுக்குச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். சர்க்கரை நோயாளியின் மகனிடம் 'நீ ஜாக்கிரதையா இரு கண்ணு, உங்க அப்பாவுக்கு இருந்துச்சு' என்று அக்கறையாகச் சொல்கிறோம். அதே குரலில், அதே அக்கறையோடு கருணாபுரத்துப் பிள்ளையிடமும் நாம் அதைச் சொல்ல வேண்டும்.